பின்வாங்காத சிங்கி இறால்

ஆகஸ்ட் வெயில் ஆய்வகத்துக் கண்ணாடித் தொட்டியின் ஓரத்தில் நிற்கிறது. உள்ளே இரண்டு ஆற்றுச் சிங்கி இறால்கள். சிறியது நேற்று வரை பெரியதைக் கண்டாலே வாலை அடித்துப் பின்னால் பாயும். இன்று காலை ஆய்வு மாணவி இல்வா அதன் வயிற்றுப் பக்கம் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருளை ஊசியில் ஒரு சொட்டு ஏற்றினாள். அது உடலில் பரவியதும் ஓடச் சொல்லும் நரம்பு அடங்கிவிட்டது. சிறியது முன்னால் நடக்கிறது. அதன் ஒரு கொடுக்கு முறியும் சத்தம், பேனா மூடி கழல்வதுபோல், சின்னதாகக் கேட்கிறது. ஒற்றைக் கொடுக்கோடு மறுபடியும் நடக்கிறது. இல்வா தடுப்புத் தகட்டைக் கையில் எடுக்கிறாள். நடுவில் இறக்கினால் சண்டை நின்றுவிடும். "வை அதை. சோதனை முடிய இன்னும் நாலு நிமிஷம் இருக்கு," என்கிறார் பேராசிரியர் டோர்கெல், கடிகாரத்தைப் பார்த்தபடி. "செத்துடும், டோர்கெல்." "சாகட்டுமே. சாயங்கால விருந்துக்கு ஒண்ணு கூடுதலாச்சு." சிரிக்கிறார். "உனக்கும் ஒரு ஊசி போடணும்போல. நான் நிமிந்து பாத்தாலே பின்னாடி போற." நடைகூடத்தின் கோடியில் யாரோ விருந்துக்கு இறால் அவிக்க, வாசனைக்குச் சோயிக்கீரை போட்டு உப்புநீரைக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். வாசனை கதவிடுக்கு வழியாக வருகிறது. டோர்கெல் நிமிர்ந்து பார்க்கிறார். இல்வா தகட்டை மேசையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்கிறாள். தொட்டிக்குள், இரண்டு கொடுக்கும் போன சிறியது முன்னால் நடக்கிறது.