அளவுச் சட்டை

பொம்மை அடுப்புக்கு முன்னால் வந்ததும் அந்தச் சிறுமி நின்றுவிட்டாள்.

நிற்காமல் என்ன செய்வாள்? அதற்காகத்தானே அங்கே வைத்திருக்கிறோம்.

தீபாவளி வியாபாரம் தொடங்கிய அன்றே எங்கள் துணிக்கடை முதலாளி காஜா நஜ்முதீன் கடை நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்து, "அர்ஷியா, இந்த உயரத்துல வைம்மா. பெரியவங்க கண்ணுல படலேன்னா பரவால்ல" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் வியாபாரம் என்று வந்துவிட்டால் சைத்தானுக்கே பாடம் எடுப்பார்.

பொத்தானை அழுத்தினால் அடுப்பில் சிவப்பு விளக்கு எரியும், குக்கர் விசில் அடிக்கும். அதைத் தனியாக விற்பதில்லை. அப்பாவுக்குச் சட்டை, மகளுக்குக் கவுன், இரண்டும் ஒரே துணியில் ஜோடியாக வரும். அந்த ஜோடியை எடுத்தால் அடுப்பு இலவசம்.

சிறுமி அழுத்தினாள். விசில். திரும்பவும் அழுத்தினாள்.

"நிறைமதி, வா போவோம். மழை விட்டிருச்சு" என்றார் அவள் அம்மா.

மழை விடவில்லை. வாசல் தார்ப்பாயில் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. காலையிலேயே பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை அறிவித்துவிட்டார்கள். அந்த அக்கா வாங்க வந்தது ஒரே ஓர் உள்பாவாடை. அதற்குப் பில்லும் போட்டாயிற்று.

நான் விடுவேனா.

"அக்கா, புள்ள எவ்வளவு ஆசையா நிக்குது பாருங்க. ஜோடி எடுத்துக்கங்க. அண்ணன் என்ன சைஸு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். "அவரு துபாய்ல இருக்காரு."

"தீபாவளிக்கு வந்துருவாருல்ல?"

"வருவாரு" என்றார். அதையும் மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அப்போதுதான் அவர் கையிலிருந்த ஒயர்கூடையைக் கவனித்தேன். சாப்பாட்டு டப்பாவுக்கு மேலே மடித்து வைத்த ஆண் சட்டை ஒன்று இருந்தது. வீட்டுக்காரருக்குத் துணி எடுக்க வருகிற பெண்கள் பாதிப் பேர் இப்படித்தான் பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொண்டுவருவார்கள். எனக்கு ஒரே குஷி.

"அட, அளவுச் சட்டையே கொண்டாந்துட்டு சும்மா போறேங்கிறீங்களே!" என்று உரிமையாகக் கூடைக்குள் கைவிட்டு எடுத்துவிட்டேன்.

முழுக்கைச் சட்டை. ஒருகாலத்தில் சந்தன நிறமாக இருந்திருக்கும். தோளில் சிமெண்டு காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது. முழங்கை கிழிந்து, தைத்து, மறுபடி கிழிந்திருந்தது. அக்குள் பக்கம் வியர்வை ஈரம் இன்னும் காயவில்லை. துபாயில் இருப்பவர் சட்டையில் வியர்வை எப்படி வரும்? அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். காலரைத் திருப்பி அளவு பார்க்கிற அவசரத்தில் உறைக்கவில்லை.

"நாப்பத்திரெண்டு!" என்று சொல்லிவிட்டு, நீலத் துணியில் வெள்ளைப் பூப்போட்ட சட்டை ஒன்றை உருவி விரித்துக் காட்டினேன்.

சிறுமி சட்டையைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

"அந்த சைஸு வேணாங்க்கா. அம்மா சைஸுல இருக்கா?"

நான் சிரித்துவிட்டேன். "அம்மாவுக்கு இல்ல தங்கம், இது அப்பாவுக்கு."

"அம்மாதான் போடும். கோயில்பத்துல பிரான்ஸுல இருக்குறவங்க வீடு கட்டுறாங்கல்ல, அங்க சித்தாள் வேலைக்குப் போறப்ப சேலை மேல போட்டுக்கும். அப்பா சட்டையெல்லாம் போட்டுத் தீத்துருச்சு. இதான் கடைசி. இது அவங்க கல்யாணச் சட்ட."

குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை. கடைக்காரியிடம் விவரம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

துபாயிலிருந்து வரப்போகிற மனுஷனின் கல்யாணச் சட்டையை யாராவது கலவை சுமக்கப் போடுவார்களா? பெட்டியில் மடித்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சட்டையாகக் கிழியக் கிழிய அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே துபாய்க் கதைக்கும் தலையாட்டியிருக்கிறாள்.

அந்த அக்கா மகளைத் திட்டக்கூட இல்லை.

ஆள் இருக்கிறாரா, இல்லையா, யாரோடு எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வாய் நீளம் என்று கடை முழுக்கப் பேர். பழைய சட்டையை, விற்கிற புதுச் சட்டையை மடிக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து மடித்துக் கூடையில் வைத்தேன். அடுப்பைத் தூக்கிச் சும்மாவே கொடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. அது என்ன என் வீட்டுப் பொருளா?

"வேணாம்னா பரவால்லம்மா, போவோம்" என்றாள் நிறைமதி. அம்மாவின் புடவையைப் பிடித்து அவளே வாசல் பக்கம் இழுத்தாள்.

அவர் நகரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கூடையைக் கீழே வைத்தார். நான் விரித்துப் போட்டிருந்த சட்டையின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தத் துணியின் கனத்தை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார்.

"இந்த ஜோடியில முப்பத்தெட்டு இருக்கா பாரும்மா" என்றார்.

எடுக்கத் திரும்பினேன்.

"முழுக்கையா குடு. சிமெண்டு பட்டு கையெல்லாம் வெந்து போவுது."