கேட்டில் யாரும் இல்லை

"இருக்கிற ஆளையும் இல்லாத ஆளையும் எப்படிப் பிரிச்சுப் பாப்பீங்க?"

கஸ்தூரி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பொறுப்பாளர் ஜெயபாலன் அவளிடம் கேட்டார். பதில் தெரிந்திருந்தால் அவள் ஏன் பஸ் நிலையத்தில் படுத்துக் கிடந்திருக்கப் போகிறாள்?

மலேசியாவின் பண்டார் தெங்காராவில், குடியாலும் மனநோயாலும் தெருவுக்கு வந்த பெண்களுக்கான வீடு அது.

அவரே வழி சொன்னார். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். அவர் 'யாரும் இல்லை' என்று சொன்னால் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு கைவேலையைப் பார்க்க வேண்டும்.

கஸ்தூரிக்கு மகள் லோஷினி வருவாள். பள்ளிச் சீருடையில், பிரிந்த வயதிலேயே, கேட்டருகே வந்து நிற்பாள். உடன் தங்கியிருக்கும் காளியம்மா 'யாரும் இல்ல' என்றதும் லோஷினி கரைந்து போவாள்.

"என் ஆளுங்களுக்கு உன் மக தேவலாம்டி, சத்தம் போடமாட்டா," என்பாள் காளியம்மா. சம்சு சாராயத்தை விட்ட பிறகும் அவள் கண்ணை விட்டு அந்த இல்லாத ஆட்கள் போகவில்லை.

உண்மையான லோஷினி ஒருநாள் தேடி வருவாள். அன்றைக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்றுதான் கஸ்தூரி மாத்திரைகளை விடாமல் விழுங்கினாள்.

மதியம் தூறிக்கொண்டிருந்தது. இருவரும் வாசலில் உட்கார்ந்து கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எதிரே செம்பனை மரங்கள் ஓலை அசையாமல் நின்றன.

கஸ்தூரி நிமிர்ந்தபோது கேட்டருகே லோஷினி நின்றாள்.

வளர்ந்திருந்தாள். தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தாள்.

இல்லாத பிள்ளையும் வளருமா? கஸ்தூரி காளியம்மா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, கேட்டுல யாராச்சும் இருக்காங்களா?"

காளியம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"யாரும் இல்லடி. கீரைய ஆயி."

கஸ்தூரி மகளின் கண்ணை நேராகப் பார்த்தாள். பிறகு, சொல்லிக் கொடுத்தபடியே, தலையைக் குனிந்துகொண்டாள்.

தண்டை ஒடித்தபடி முணுமுணுத்தாள்.

"இன்னைக்கு மஞ்சக் குடையோட வந்திருக்கா."

காளியம்மாவின் கை அப்படியே நின்றது.

"மஞ்சக் குடையா? நானும் பாத்தேன்டி, எனக்கு வர்ற ஆளுன்னுல்ல நெனச்சேன்."

இருவரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள்.

லோஷினி கேட்டிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தாள். ஈரச் சாலையில் திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.