பார்க்காமல் விட்ட ஊர்

ஐந்து நாட்களில் டீட்மார் பார்க்காமல் விட்டது ஒரே ஓர் ஊரைத்தான். அது இல்வாவின் சொந்த ஊர்.

ஜெர்மனியிலிருந்து மனைவி உர்சுலாவோடு இத்தாலிக்கு வந்து, இல்வாவும் அவள் கணவன் பிரிமோவும் நடத்தும் பண்ணை விடுதியில் தங்கியிருந்தார் அவர். அறுபதைத் தாண்டிய மனிதர். நல்ல உயரம், இடது காதின் மேல்பாதி மட்டும் இல்லை. வந்து இறங்கிய அன்று அவர் தொப்பியைக் கழற்றியபோது, இல்வா கையிலிருந்த அறைச் சாவியைக் கொடுக்க மறந்து நின்றாள். பிரிமோதான் அதை வாங்கி அவரிடம் கொடுத்தான்.

முதல் நாள் வோல்தேரா. அடுத்த நாள் செச்சினா கடற்கரையில் தோள் சிவக்கச் சிவக்க வெயிலில் கிடந்துவிட்டு வந்தார்கள். பிறகு சியேனா, பிறகு சுடுநீர் ஊற்று, இன்று காலை சான் ஜிமிஞானோ.

தினமும் காப்பி ஊற்றும்போது இல்வா சொல்வாள்: என் ஊர் மொந்தலோரா பக்கத்தில்தான், அதோ அந்த மலைமேல் தெரிகிறதே அதுதான், ஓர் எட்டுப் போய்ப் பாருங்கள். தினமும் அவர் நன்றி சொல்லிவிட்டு வரைபடத்தை மடித்துவிடுவார். கடற்கரையிலிருந்து திரும்பும்போதுகூட மொந்தலோரா வழியாக வந்தால் பாதி தூரம்தான். இந்த மனிதர் ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு வந்தார் என்று உர்சுலாவே குறைப்பட்டுக்கொண்டாள். அன்று இரவு இல்வா பாத்திரம் கழுவிய சத்தம் தொழுவம்வரை கேட்டது.

இன்று விட்டால் இல்லை. நாளை விடிந்ததும் அவர்கள் கிளம்புகிறார்கள். மொந்தலோராவில் இன்று ஊர் கூடும் நாள்; மாலையில் கோயில் சதுக்கத்தில் பூசை, பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு. முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள், என் விருந்தாளி வருவார் என்று இல்வா ஊருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். நாற்காலி போட்டாயிற்று, ஆள் வருகிறாரா என்று கேட்டுக் காலையிலேயே ஃபோன் வந்துவிட்டது.

அவள் ரொட்டி மாவைத் தூக்கிப் பலகையில் அறைந்தாள்.

"மாவு உன்னை என்ன பண்ணுச்சு?" என்றான் பிரிமோ, ஜன்னலுக்கு வெளியே நின்றபடி.

"வாயை மூடிக்கிட்டுப் போய்யா."

அவன் போகவில்லை. சமவெளிக்காரன், கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தவன். இங்கே எத்தனையோ பேர் வந்து தங்கியிருக்கிறார்கள், ஒருவரையாவது உன் ஊருக்குப் போகச் சொல்லியிருக்கிறாயா, இந்த ஆளிடம் மட்டும் ஏன் இப்படிப் பிடிவாதம் என்று கேட்டான். இல்வா மாவைத் திருப்பிப் போட்டு மறுபடி அறைந்தாள்.

மதியம் சாப்பாட்டு அறையில், அவளுடைய அண்ணன் சீரியோவின் படத்துக்கு நேராக டீட்மாரின் நாற்காலியைப் போட்டாள். பதினேழு வயதில், நாற்பது வருஷத்துக்கு முன் போர் நடந்தபோது எடுத்த அவனுடைய கடைசிப் படம் அது. தினமும் அவள் அங்கேதான் போடுவாள். தினமும் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று அவர் திருப்பிப் போட்டுக்கொள்வார். இன்று ஜன்னல் சாத்தியிருந்தது. இன்றும் அதையேதான் சொன்னார்.

முயல் கறியை வைத்துவிட்டு இல்வா நகரவில்லை. மாலை ஊருக்கு வர வேண்டும், வண்டி தயாராக இருக்கிறது என்றாள்.

டீட்மார் முழங்காலைத் தடவிக்கொண்டே, மேடு ஏறினால் வலிக்கும் என்றார்.

உர்சுலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காலைல கோபுரத்து உச்சில நின்னுக்கிட்டு, கிழவி இன்னும் வந்து சேரலையான்னு கத்தினது யாராம்?"

அவர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. வயிறு சரியில்லை என்றார். பெட்டி கட்ட வேண்டும் என்றார். வளைவுச் சாலையில் தலை சுற்றும் என்றார். வயிற்றுக்குக் கஷாயம் வைத்துத் தருகிறேன், பெட்டியை நான் கட்டித் தருகிறேன், பிரிமோ மெதுவாக ஓட்டுவான் என்றாள் இல்வா. அவள் குரல் ஏற ஏற, உர்சுலாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஒரு மணி நேரம்தானே, போய்விட்டு வந்துவிடலாமே என்று அவளும் கணவரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

பிரிமோ இல்வாவின் கையைப் பிடித்தான். "விடு. விருந்தாளிய இப்படியா போட்டு வதைக்கிறது? அப்படி என்ன அதிசயம் கொட்டிக்கிடக்கு உங்க ஊர்ல?"

அவள் கையை உதறினாள். "ஊரே உக்காந்திருக்கு. இவர் வரணும்."

டீட்மார் எழுந்தார். கைத்துண்டை நான்காக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இத்தனைக்கும் அவர் பேச்சில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"மன்னிச்சுக்கம்மா. அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமே இல்ல, வழியும் தெரியாது. அடுத்த தடவை கண்டிப்பா வர்றேன்."

இல்வா வாசலை மறித்து நின்றாள்.

"போன தடவை துப்பாக்கியோட வந்தீங்களே, அப்ப யார்கிட்ட வழி கேட்டீங்க?"