தானாகக் கழலாத வயர்

மெக்கானிக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுகிறார். சன்னல் வெயில் விழுந்து உள்ளே படிந்த தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. அவள் நாற்காலி நுனியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான்கு வருடம் எழுதிய ஆய்வேடு அதற்குள் இருக்கிறது; நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். "செத்த மெஷினுக்கு என்ன வைத்தியம்? விட்டுத் தள்ளு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று நேற்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டவன் கணவன்தான். மெக்கானிக் நிமிர்கிறார். "மெஷினுக்கு ஒண்ணும் இல்லம்மா. டிஸ்க்குக்குப் போற ரெண்டு வயரையும் கழட்டி, மடிச்சு ஓரமா செருகியிருக்காங்க. தானா இப்படிக் கழலாது. வீட்ல யாராவது திறந்தீங்களா?" தூசியின் மேல் பெரிய விரல்களின் தடம் பளிச்சென்று தெரிகிறது. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மெக்கானிக் வயர்களைப் பொருத்தியதும் திரை வெளிச்சமாகிறது. அத்தியாயங்கள் ஒன்றுகூடக் குறையாமல் வரிசையாக நிற்கின்றன. அவளுக்கு அழக்கூட வரவில்லை. போன் அடிக்கிறது. "என்னம்மா, எல்லாம் போச்சுதானே?" கணவனின் குரலில் நேற்றைய அதே பரிவு. "இல்லைங்க, எல்லாம் பத்திரமா இருக்கு. வயரைத்தான் யாரோ கழட்டியிருக்காங்களாம்." அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருக்கிறாள்.