ஒலி தொலைந்த படம்

படக்காப்பகத்தின் சின்ன அறையில், ஜன்னலை மூடிய கறுப்புத் துணியின் ஓரத்தில் மட்டும் வெயில் ஒரு கோடாக நிற்கிறது. கணினித் திரையில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடுகிறது. அதன் ஒலிநாடா எப்போதோ தொலைந்துபோனதால், ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு திரையின் அடியில் அசையாமல் கிடக்கிறது. பாலம் கட்டும் இடத்தில், தலையில் மண் நிறைந்த இரும்புச் சட்டியோடு ஒருத்தி கேமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். வேலையாட்கள் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள் என்பதால், அவள் வாயசைவைப் படித்துச் சொல்ல, அந்தப் பக்கத்துப் பேச்சு தெரிந்த ஜெபமலரைக் கரமனையிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். சிறு வயதுக் காய்ச்சலில் காது போனதிலிருந்து ஜெபமலருக்கு ஊரார் பேச்செல்லாம் உதட்டில்தான். தன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டவர்கள் முகம் சுளிப்பதை மட்டும் பார்த்திருக்கிறாள். அதனால் வெளியாட்களிடம் வாய் திறப்பதே இல்லை. காப்பகத்தில் வேலை பார்க்கும் மலையாளிப் பெண் மீரா, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டு, "ஒண்ணுகூடிப் போடட்டுமா, சேச்சி?" என்று கேட்கிறாள். படம் மறுபடி ஓடுகிறது. சட்டி ஆடுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, உதடுகள் அசைகின்றன. ஜெபமலருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. மீரா தாளும் பேனாவும் நீட்டுகிறாள். அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசை மேல் கணினியோடு இணைத்திருக்கும் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள் ஜெபமலர். "நின்னு பாத்துக்கிட்டு இருக்கதுக்கு, இந்தச் சட்டிய ஒரு கை பிடிச்சு எறக்கலாம்லா?" சொல்லி முடித்தும் மீராவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. திரையின் அடியில் பச்சைக் கோடு மலை மலையாக எழும்பி நிற்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.