தலைமை ஆசிரியரின் மீசை

பட்டறை நடுவே ஈரக் களிமண் தலை ஒன்று முகமில்லாமல் காத்திருக்கிறது. ஓட்டுச் சந்து வழியே இறங்கும் வெயில் அதன் உச்சியில் மினுங்குகிறது. ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்து இறந்தவருக்குச் சிலை வைக்கப் பழைய மாணவர்கள் மூவர் வந்திருக்கிறார்கள். இருந்த ஒரே புகைப்படத்தில் அவர் முகத்தைக் கரையான் தின்றுவிட்டது. "நல்ல முறுக்கு மீசைங்க" என்கிறார் பஸ் டிரைவர். சிற்பி மீசையை ஒட்டுகிறார். "மீசையா? மழமழன்னு இருப்பாரே" என்கிறார் நர்ஸ். சிற்பி பிய்த்தெடுக்கிறார். "கண்ணாடி போட்டிருந்தாரோ?" என்று தையல்காரர் தன் மூக்கையே தடவிக்கொள்கிறார். செருப்பு விஷயத்தில் மட்டும் மூவருக்கும் ஒரே பேச்சு: இடது வார் அறுந்து ஊக்கு மாட்டியிருக்கும், கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும். சிற்பிக்குத் தலை சுற்றுகிறது. பிய்த்த மீசை அவர் விரலிடுக்கில் காய்கிறது. "அத்தனை வருசம் படிச்சிருக்கீங்க. சரி, அவர் கூப்பிட்டா எப்படிப் போய் நிப்பீங்களோ அப்படி நில்லுங்க. மூஞ்சி ஞாபகம் வந்தாலும் வரும்." மூவரும் களிமண் தலைக்கு முன்னால் வரிசையாக வருகிறார்கள். கைகள் தாமாகக் கட்டிக்கொள்கின்றன. நரைத்த தலைகள் மூன்றும் ஒன்றாகக் குனிகின்றன. கூரையில் ஒரு அணில் ஓடி நிற்கிறது. தையல்காரர் தரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் மெல்லக் கேட்கிறார்: "ஏங்க, ஊக்கு வலது செருப்புலயோ?"