ஒரே ஓர் ஆட்சேபணை

"டேய் ஹெட்லி! கல்லுத் திருடா! என் தோட்டத்துல கால வைக்காதடா!"

காலை எட்டரை மணி. சமையலறை ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஆம்ப்ரோஸ் கத்தினார்.

ஹெட்லி அவசரப்படவில்லை. ஜன்னலுக்கும் பீன்ஸ் கொடிகளுக்கும் நடுவே, கைத்தடியை ஊன்றி மாப்பிள்ளை நடை நடந்தார்.

"பொதுப்பாதைடா இது! கத்து, நல்லாக் கத்து!"

பதினோரு வருஷமாக இதுதான். மழையானாலும் பனியானாலும், கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட விடுமுறை கிடையாது. பகையைச் சும்மா விட்டுவைத்தால் துருப்பிடித்துவிடும் என்பது ஹெட்லியின் கொள்கை.

ஆரம்பித்து வைத்தவர் ஆம்ப்ரோஸ்தான். இடிந்து கிடந்த பழைய மடத்திலிருந்து நாலு கல்லை எடுத்து ஹெட்லி பன்றிக் கொட்டில் கட்டினார். "எழுநூறு வருஷத்துக் கல்" என்று ஆம்ப்ரோஸ் அதிகாரிகளுக்கு எழுதிப்போட்டார். கொட்டிலை இடித்து, ஊரே வேடிக்கை பார்க்க, கல்லை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டியதாயிற்று.

'உனக்குப் பழசுதானே வேணும்? இரு' என்று ஹெட்லி பழைய வரைபடங்களைத் தேடிப் போனார். அந்தக் காலத்தில் தேவாலயத்துக்குச் சவப்பெட்டி தூக்கிப்போன பாதை ஒன்று, ஆம்ப்ரோஸ் வீட்டுத் தோட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது. சட்டப்படி இன்றைக்கும் அது பொதுப்பாதை. வேலியை வெட்டிக் கதவு போட வைத்தார். மறுநாளே நடக்க ஆரம்பித்துவிட்டார். பாதையின் அந்தக் கோடியில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

இந்த வசந்தத்தில்தான் இடி விழுந்தது. பாதையைத் தோட்டத்திலிருந்து எடுத்து, பின்னாலுள்ள வயல் ஓரத்துக்கு மாற்றப்போவதாக, ஆம்ப்ரோஸ் மேல் இரக்கப்பட்டு ஊர் மன்றமே அறிவிப்பு ஒட்டியது. ஆட்சேபணை இருந்தால் நான்கு வாரத்துக்குள் எழுதித் தர வேண்டும்.

ஹெட்லி ஆட்சேபணைக்குக் கையெழுத்து கேட்டு மதுக்கடைக்குப் போனார்.

"கையெழுத்தா? போய்யா!" என்றார் கடைக்கார சிரில். "ரெண்டு குளிர்காலமா அந்த மனுஷன் இடுப்பு போயி வீட்டோட கிடக்கிறாரு. தினமும் போயி அவர் ஜன்னல்ல மூஞ்சியக் காட்டிட்டு வர்றியே, வெக்கமா இல்ல?"

"இடுப்புதான போச்சு? தொண்டை போகலையே. எட்டு வீட்டுக்குக் கேக்குது!"

யாரும் சிரிக்கவில்லை. யாரும் கையெழுத்தும் போடவில்லை.

தானே எழுத உட்கார்ந்தார். நாலு வரி எழுதி நாலையும் கிழித்தார். வேலி கட்டியே காய்த்துப்போன கைக்குப் பேனா படியவில்லை. தவணை முடிந்தது.

ஊர்க் கூடத்தில் கூட்டம். போகாமல் இருக்கத்தான் நினைத்தார். கால் கேட்கவில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

"ஆட்சேபணை ஒன்னே ஒன்னு வந்திருக்கு" என்றாள் மன்றத்து எழுத்தர்.

எல்லாத் தலையும் ஹெட்லி பக்கம் திரும்பியது.

"நான் இல்லய்யா!"

"அவர் இல்ல. எழுதினது மேவிஸ் அம்மா. ஆம்ப்ரோஸ் சம்சாரம்."

எழுத்தர் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"பாதை இப்ப இருக்கிற இடத்துலயே இருக்கணுமாம்."

"தப்பா எழுதிட்டாங்களோ?" என்றார் சிரில்.

"நானும் போயி ரெண்டு தடவ கேட்டுட்டேன். தப்பில்லங்கிறாங்க."

தோட்டத்துக்காரர்களே மாற்ற வேண்டாம் என்றால் ஊருக்கு என்ன வந்தது? பேச்சை அத்தோடு முடித்தார்கள்.

ஹெட்லி ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை. ராத்திரி முழுக்கப் புரண்டார். ஏதாவது பொறி வைத்திருக்கிறார்களா? கடிநாய் வாங்கப் போகிறார்களா? பதினோரு வருஷம் வசவு வாங்கியும் தலைவலிக்காத மனுஷருக்கு அன்றைக்குத் தலை வலித்தது.

காலையில் போனால் இன்னும் குழப்பம். பாதை ஓரத்து முட்செடியெல்லாம் வெட்டியிருந்தது. வேலிக் கதவுக்கு எண்ணெய் போட்டிருந்தது.

"கல்லுத் திருடா! ஹெட்லி!" ஆம்ப்ரோஸின் கத்தல் மட்டும் வழக்கம்போல இருந்தது.

ஹெட்லி தலையைக் குனிந்துகொண்டார். விறுவிறுவென்று கடந்துவிட்டார். அந்தப் பக்கத்துக் கதவருகே மேவிஸ் நின்றிருந்தாள்.

"என்னம்மா, என்ன சூழ்ச்சி இது?"

"சூழ்ச்சி ஒன்னுமில்ல. கொஞ்சம் மெதுவாப் போங்க. இன்னைக்கு ரொம்ப சீக்கிரம் தாண்டிட்டீங்க."

"மெதுவாவா?"

"முடிஞ்சா சாயங்காலமும் ஒரு நடை வாங்களேன்."

ஹெட்லிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"உங்க வீட்டுக்காரரை வம்புக்கு இழுக்கத்தாம்மா நான் வர்றேன். அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அவரு என்னைத் திருடன்னு கத்துறாரு."

"கத்தட்டும்."

"இடுப்பு முடியாத மனுஷன்..."

"இடுப்புன்னு நான்தான் ஊருக்குச் சொல்லி வச்சேன்" என்றாள் மேவிஸ். ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"என்னைப் பார்த்து, 'நீ யாரும்மா, உன் வீட்டுக்குப் போ'ங்கிறாரு. நாப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த என் பேரு மறந்துபோச்சு. பெத்த மகன் பேரும் மறந்துபோச்சு. நாள் முழுக்க அந்த வாயில சரியா வர்ற ஒரே பேரு உங்க பேருதான்."